இரண்டு பேருக்கு அந்தமான்

ஒரு போன் அடித்தால் போதும், விடிவதற்குள் இருபது பெண்களை வரப்பில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள் அகிலாண்டம். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற வழியில் இருக்கிறது நெடுந்திடல். அங்கேயும் சுற்றி நாலைந்து ஊர்களிலும் நடவு, களை, உளுந்து பிடுங்குவது எதுவானாலும் மிராசுகளும் குத்தகைக்காரர்களும் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். 'அகிலாண்டம் செட்டு' நட்டால் நாற்று சாயாது, பேசின நாள் தவறாது என்று பெயர். அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தமானுக்குக் கூட வர ஒரே ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நெடுந்திடலில் பாதிப் பேர் இன்னமும் நம்பவில்லை.

வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். செவ்வாய் தோஷம் என்பார் ஒருவர். பெண் பார்க்க வந்தவன் ஸ்கூட்டர் கேட்டதற்கு அரிவாளைத் தூக்கினாள் என்பார் இன்னொருவர். அரிவாள் கதையில் உண்மை இல்லை, ஆனால் சொல்வதற்கு நன்றாக இருப்பதால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்தது வேறு. அப்பன் படுத்த படுக்கையானார், தம்பி ராஜராஜன் படித்துக்கொண்டிருந்தான். அப்பனைக் கரையேற்றி, தம்பியைக் கும்பகோணத்தில் வேலைக்குச் சேர்த்து, அவனுக்குக் கல்யாணத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

"வந்தவனுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்ததுல பால்காரன்தான் மாடி வீடு கட்டுனான்" என்பாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்துவிடுவாள். மற்றவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

செட்டு ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் இருக்கும். விடிகாலையில் அன்சாரின் குட்டியானை வண்டி தெருமுனைக்கு வரும். பெண்கள் பின்னால் ஏறிக்கொள்வார்கள், அகிலாண்டம் முன்னால் அன்சார் பக்கத்தில். வண்டி கிளம்பியதும் பின்னால் கும்மாளம்தான். மாமியார் கதை, மருமகள் கதை, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அலசுவார்கள். வயலுக்குப் போய் அகிலாண்டம் இறங்கி வந்து பின்கதவைத் திறந்ததும், டி.வி.யை அணைத்த மாதிரி எல்லாம் நின்றுவிடும். மத்தியானம் கருவை மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்து ஒருத்தி குழம்பை ஒருத்திக்கு ஊற்றுவார்கள். அகிலாண்டம் அந்த நேரம் மிராசோடு வரப்பில் நின்று நாளைக்கு எத்தனை பேர் என்று பேசிக்கொண்டிருப்பாள். பேசி முடித்து வந்தால் ஒரு துண்டு ஊறுகாய் நீட்டுவார்கள். ஊறுகாய் வரும், பேச்சு வராது. முதலாளியும் இல்லாமல் கூலியாளும் இல்லாமல் நடுவில் நிற்கிறவளை வைத்துக்கொண்டு யார் வம்பு பேசுவார்கள்? பேசுகிற வம்பில் பாதி அவளைப் பற்றியதாக இருக்கும்போது?

தீபாவளிக்குச் செட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புடவை எடுத்துக் கொடுப்பது அவள் வழக்கம். போன தீபாவளிக்குத் திருத்துறைப்பூண்டியில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் எடுத்தாள். புடவைக்கு ஒரு கூப்பன் என்று கத்தையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் தன் பெயரையே எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவள் அதை மறந்தும் போனாள். பொங்கல் கழிந்து ஒருநாள் கடையிலிருந்து போன் வந்தது. அந்தமான் தீவுக்கு இரண்டு பேர், மூன்று நாள், விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் கடைச் செலவு. பங்குனி மாதம் போகவேண்டும்.

மறுநாள் வண்டியில் வழக்கத்துக்கு மாறாக அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தபோதும் சத்தம் நிற்கவில்லை.

"யக்கா, எனக்கு எடுத்த பொடவையோட சீட்டுதாங்க்கா அது. நான் அப்பவே கனா கண்டேன்" என்றாள் ஒருத்தி.

"ஒங் கனாவுல சீட்டு நம்பரும் தெரிஞ்சுதாடி?"

"பொடவை எங்களுக்குன்னா சீட்டும் எங்களுக்குத்தானே. எல்லாரும் ஒண்ணாவே போவோம், ஆளுக்கு ஒரு மணி நேரம் இருந்துட்டு வருவோம்."

அகிலாண்டம் முந்தானையை இடுப்பில் செருகினாள். "ரெண்டு பேருக்குத்தான் எடம். நான் ஒண்ணு. இன்னொண்ணு யாரு? வர்றேங்குறவ கைய தூக்கு, இன்னிக்கே பேர் குடுத்துர்றேன்."

சத்தம் அப்போது நின்றது. உரிமை கேட்ட இருபது பேருக்கும் திடீரென்று ஆளுக்கொரு ஞாபகம் வந்தது.

"எங்க வீட்டு மனுசன் திருவாரூர் போறதுக்கே மூணு தடவ ஏன்னு கேப்பாருக்கா."

"எம் மவனுக்குப் பரீட்ச."

"ஏரோப்ளேன்ல ஏறுனா காது வெடிச்சிருமாமே?"

"ஜெயில் கைதியெல்லாம் அங்கதானக்கா அனுப்புவாங்க? நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

சிரித்துக்கொண்டே எல்லோரும் வரிசையாக வயலில் இறங்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கும்பகோணம் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி பிரகதீஸ்வரி டவரா டம்ளரில் நுரை ததும்பக் காபி கொண்டுவந்து வைத்தாள். அப்படி நுரை ததும்பினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"அண்ணி, நானும் இவரும் பேசிக்கிட்டிருந்தோம். நம்ம பொண்ணு பூமிகாவுக்கு வைகாசில கல்யாணம். கடையில சொல்லி தேதிய மட்டும் தள்ளிப்போட்டா மாப்ள பொண்ணு போயிட்டு வந்துருமே. சின்னஞ் சிறுசுங்க."

"நீ வர்றியா பிரகதி? நாம ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்."

"நானா?" பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவருக்குச் சுகர் மாத்திரைய யாரு எடுத்து வைக்கிறது? நீங்கதான் இந்த வயசுல அங்க போயி என்னண்ணி பண்ணப் போறீங்க?"

"வெயில் காயப் போறேன்" என்றாள் அகிலாண்டம்.

ராஜராஜன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்தால் பெண்டாட்டி பார்ப்பாள், பெண்டாட்டியைப் பார்த்தால் அக்கா பார்ப்பாள் என்று அவனுக்குப் போன் ஒன்றுதான் பத்திரமான இடம். அகிலாண்டம் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு டிக்கெட்டையும் கொடு என்று கேட்டவர்கள், உன்னோடு யார் வருகிறார்கள் என்று கேட்கவில்லையே என்று பஸ் நீடாமங்கலம் தாண்டும்போது தோன்றியது.

மிச்சம் இருந்தது ராமாயி. செட்டில் அவளுக்கு வலது கை. நடவு வரிசையில் இவளுக்குப் பக்கத்தில் நடுகிறவள். அவளிடம் சும்மா கேட்கக்கூடாது என்று அகிலாண்டம் தீர்மானித்தாள். அந்தப் பக்கத்தில் வேலைக்கு ஆள் பேசினால் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் பேசுவார்கள். ஒருத்தர் கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் அன்றைக்கு இடியே விழுந்தாலும் அவர் வயலுக்குத்தான் போகவேண்டும், வேறு வயலில் இறங்கக்கூடாது. அதனால் சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ராமாயி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ராமாயி தாம்பாளத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னக்கா, பங்குனியில எந்த மிராசுக்கு நடவு?"

"கடலுக்கு நடவு. வர்றியாடி?"

ராமாயி ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். "வாங்கிட்டேன். இனிமே வந்துதானே ஆவணும்!"

அதற்கப்புறம் ஒரு மாதம் அகிலாண்டத்தின் நடையே வேறாக இருந்தது. ராமாயியின் ஆதார் நகலைக் கடையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து போய் ரப்பர் செருப்பு வாங்கினார்கள். ஒரு பை போதுமா, ஆளுக்கு ஒன்று வேண்டுமா என்று வரப்பில் நின்று சண்டை போட்டார்கள். விமானத்தில் சன்னல் ஓரம் யாருக்கு என்பதில் ராமாயி விட்டுக்கொடுக்கவே இல்லை.

"போறப்ப ஒனக்கு, வர்றப்ப எனக்கு" என்று முடித்தாள் அகிலாண்டம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராமாயி வந்தாள். கையில் ஒரு கிண்ணம். அதில் வெற்றிலை பாக்கு, கடையில் புதிதாக வாங்கியது. நெடுந்திடலில் வாங்கிய வெற்றிலையை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. சண்டையில் மண்டை உடைந்தவன்கூட வெற்றிலை வாங்கியிருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறான்.

"போனா அங்கேயே இருந்துக்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாருக்கா" என்றாள் ராமாயி, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.

"நீ என்னடி சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது."

"வச்சிட்டுப் போ."

கடைக்காரர்களிடம் கேட்டதற்குப் பெயர் மாற்ற முடியாது என்றார்கள். போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, தம்பி வீட்டுக்கும் தெரியும். போகாவிட்டால், கூட வர நாதியில்லை என்பதை அவளே தண்டோரா போட்டமாதிரி ஆகிவிடும். அகிலாண்டம் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள்.

விமானத்தில் அவளுக்குச் சன்னல் ஓரம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பணிப்பெண் வந்து அந்தக் காலி இருக்கைக்கும் சேர்த்து இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள். அகிலாண்டம் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைப் பைக்குள் வைத்தாள்.

போர்ட் பிளேரில் வெயில் காய்ச்சி ஊற்றியது. கடைக்காரர்கள் அவளைச் சேர்த்துவிட்ட டூர் கும்பலில் பல மாநிலத்தவர் இருந்தார்கள், அதை நடத்திப் போகிறவன் பெயர் முபாரக். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் அங்கே போனவர்களாம், தமிழ் நன்றாகவே பேசினான். கும்பலில் மற்ற எல்லோரும் ஜோடி. புதுத்தாலி மஞ்சள் மாறாதவர்கள், வெள்ளிவிழாக் கொண்டாட வந்தவர்கள், ஒரே மாதிரிச் சட்டை போட்டவர்கள். முபாரக் பஸ்ஸில் ஏறும்போது ஒருதரம், கப்பலில் ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் என்று பெயர் வாசித்து ஆள் எண்ணினான்.

"அகிலாண்டம்."

"இருக்கேன் தம்பி."

"ராமாயி."

"வரல."

"வருவாங்களாம்மா?"

"வரலன்னா வரல தம்பி."

தினமும் காலையில் ஆள் எண்ணுகிறவளுக்கு இன்னொருத்தன் தன்னை எண்ணுவது என்னவோ போல இருந்தது. இருபது பேரில் ஒருத்தி குறைந்தால் அவள் வண்டியைக் கிளப்பவிடமாட்டாள். இவன் ஒருத்தி குறைவதைச் சிரித்துக்கொண்டே பேனாவால் கோடு போட்டுக் கடந்துபோனான்.

அங்கிருந்து கப்பலில் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டல் அறையில் ஒரு மெத்தை, சம்பா வயலில் பாதி இருக்கும். அதன் நடுவில் துண்டை மடித்து இரண்டு பறவை செய்து, ஒன்றின் மூக்கை ஒன்று உரசுகிற மாதிரி வைத்திருந்தார்கள். அன்னம் என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். அகிலாண்டத்துக்கு அது வாய்க்கால் ஓரத்துக் கொக்கு மாதிரித்தான் தெரிந்தது. ஒரு கொக்கைப் பிரித்தால் இன்னொன்று தனியாக நிற்கும். அதைப் பார்க்கச் சகிக்காது என்று இரண்டையும் தொடாமல், குளித்துவிட்டுப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மெத்தையின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

காலை அஞ்சு மணிக்கே பளீரென்று விடிந்துவிட்டது. கடற்கரையில் மணல் தீட்டின அரிசிக் குருணை மாதிரி கிடந்தது. மனிதர்கள் அதன்மேல் துண்டு விரித்துக் குப்புறவும் மல்லாக்கவும் படுத்திருந்தார்கள். களத்தில் நெல் காயப்போட்டால் நேரத்துக்கு ஒருதரம் காலால் கிளறிவிடவேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் காயாது. இவர்கள் தங்களைத் தாங்களே கிளறிவிட்டுக்கொண்டார்கள். முதுகில் எண்ணெய் தேய்த்துவிட ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தது.

அகிலாண்டம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நின்றாள். நின்றவள் தன்னை அறியாமல் பின்பக்கமாகவே நகர்ந்தாள். முப்பது வருஷமாக நடவு நட்ட கால், தண்ணீரைக் கண்டால் பின்னால்தான் போகும். ஒரே சட்டைக்கார ஜோடி ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "எங்கூர்ல இப்படித்தான்" என்றாள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

மத்தியானம் சிப்பி ஒட்டிய பெரிய இதய வளைவு ஒன்றின் முன்னால் ஜோடி ஜோடியாக நிற்கவைத்து முபாரக் அவரவர் போனில் போட்டோ எடுத்தான். அவள் முறை வந்தபோது தானாகவே இடது பாதியில் போய் நின்றாள்.

"நடுவுல வாங்கம்மா."

"இருக்கட்டும் தம்பி, எடு."

அந்திச் சாப்பாட்டுக்கு மணலில் மேசை போட்டு மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். எதிரில் இன்னொரு நாற்காலி, இன்னொரு தட்டு, இன்னொரு இளநீர். சூரியன் அவசரக்காரன், அஞ்சரைக்கெல்லாம் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் முபாரக்கைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இது சும்மா வீணாப் போவுது. ஒக்காந்து சாப்பிடுங்களேன்."

"டூட்டியில சாப்பிடக் கூடாதும்மா. ஏதாவது வேணும்னா சொல்லுங்க, இங்கதான் நிப்பேன்."

நின்றான். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்றான். நிற்கிறவனிடம் என்ன பேசுவது? வரப்பில் நின்று தான் பேசுகிறபோது, கருவை நிழலில் இருக்கிற பெண்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அவளுக்கு மீன் முள்ளை எடுக்கும்போது தோன்றியது. எதிர்த் தட்டு மீன் ஆறிப்போனது.

ஊர் திரும்பினதும் உளுந்து பிடுங்குகிற வேலை தயாராக இருந்தது. முதல் நாள் வண்டியில் ஏறும்போதே அன்சார் ஒரு மாதிரி இளித்தான்.

"யக்கா, அண்ணன் கூலிங் கிளாஸ் சூப்பர். அங்க வாங்குனதா?"

"எந்த அண்ணன்டா?"

"நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று கியரைப் போட்டான்.

நடந்தது இதுதான். கீழத்தெரு துரைராசு ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறவர். பெண்டாட்டி செத்து வருஷம் திரும்பவில்லை. அகிலாண்டம் ஊரில் இல்லாத அதே நாட்களில் அவரும் ஊரில் இல்லை. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அகிலாண்டம் திரும்பிய மறுநாள் அவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு. நெடுந்திடலில் அதுவரை கறுப்புக் கண்ணாடி போட்டவர் கல்யாண வீடியோக்காரர் ஒருவர்தான். அதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? டீக்கடையில் மதியத்துக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வயலில் பெண்கள் அவள் போனை வாங்கிப் போட்டோ பார்த்தார்கள்.

"என்னக்கா இது, பாதி ஹார்ட்டுல மட்டும் நிக்கிற?"

"மீதிப் பாதிய வெட்டிட்டாங்கடி. நமக்கெல்லாம் காட்டுவாங்களா?"

"யக்கா, திரும்பிப் போறப்ப வண்டியில பின்னாடி வந்து ஒக்காரேன். கதை கேப்போம். அன்சார் என்ன, வண்டி ஓட்டத் தெரியாத புள்ளையா?"

பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக அவளைப் பின்னால் கூப்பிட்டார்கள். சாயங்காலம் அகிலாண்டம் பின்னால் ஏறினாள். யாரும் கூட வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஒருத்தி தன் மடியில் இடம் கொடுக்காத குறையாக நெருக்கி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் கை போட்டு, எல்லா முகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "போங்கடி" என்று சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பை வைத்து அவர்கள் மிச்சத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் வட்டத்தில் அவளுக்கு இடம் போட்டிருந்தது. ஒருத்தி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள்.

"அவரு கடல்ல எறங்குனாராக்கா?"

அகிலாண்டம் ஒரு வாய் சோற்றை மென்று முழுங்கினாள். "எறங்குனாரு. பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. வேட்டி போயிருச்சு."

ஒருத்தி கீழே விழுந்து சிரித்தாள். "அப்பறம்?"

"அப்பறம் என்ன, என் துண்டக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவளாலும் நிறுத்த முடியவில்லை. சாயங்காலம் அடுப்பில் சோறு கொதிக்கும்போதே மறுநாளைக்கு என்ன சொல்லலாம் என்று மனசில் கட்டிக்கொண்டிருப்பாள். அடியில் கண்ணாடி வைத்த படகில் மீனைப் பார்த்து அவர் கெளுத்தியா என்று கேட்டது, மெழுகுவத்தியைப் பார்த்து மின்சாரம் இல்லையா என்று கேட்டது, இளநீரை அவள் தட்டுப் பக்கம் தள்ளி வைத்தது. பெயர் மட்டும் சொல்லமாட்டாள். 'அவரு' என்பாள். சொல்லச் சொல்ல அந்தத் தீவு அழகாகிக்கொண்டே போனது.

எல்லோரையும்விடச் சீக்கிரம் நம்பினவள் ராமாயிதான். வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அகிலாண்டத்தின் கண்ணில் படாமல் நாலு வரிசை தள்ளி வேலை செய்துகொண்டிருந்தவள், துரைராசு கதை கேட்ட மறுநாளே பழையபடி பக்கத்து வரிசைக்கு வந்தாள். முகத்தில் ஒரு பாரம் இறங்கின தெளிவு. "நல்ல வேளைக்கா, நீ தனியாப் போவல" என்றாள். அகிலாண்டம் உளுந்துச் செடியைப் பிடுங்கி மண் உதறினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். வேலையில்லாத ஒரு மத்தியானம் துரைராசு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது.

"உள்ள வாங்கண்ணே."

"வேணாம் ஆயி. வெளியில நின்னாலே இவ்வளவு பேசுறானுங்க, உள்ள வந்தா வளைகாப்பே வச்சிருவானுங்க." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "எவ் வேட்டி அலையில போயிருச்சாமே?"

கடல் மட்டும் அப்போது கிட்டத்தில் இருந்திருந்தால் அகிலாண்டம் இறங்கியே போயிருப்பாள்.

"கோவத்துல கேக்கல. நான் முத்துப்பேட்டையத் தாண்டி வேற கடலே பாத்ததில்ல. தஞ்சாவூர்ல கண்ணு ஆபரேஷனுக்குப் படுத்துக் கெடந்தேன். வெளியில சொன்னா மிராசு காதுக்குப் போவும். கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குக் குத்தகைன்னு நெலத்த வாங்கிக்கிட்டாருன்னா நான் எங்க போறது?"

"நான் யார்ட்டயும் சொல்லலண்ணே."

"தெரியும். ஆனா எம் பொண்ணு குந்தவை மாமியார் வீட்ல பேச்சாயிருச்சாம். பொண்டாட்டி வருஷம் திரும்பலையே, அதுக்குள்ள ஒங்கப்பனுக்குத் தீவு கேக்குதான்னு. போன்ல அழுவுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். சிவந்த கண் ஒன்று தெரிந்து மறைந்தது. "நான் சொன்னா நம்பமாட்டானுங்க, எங்க போனேன்னு கேப்பானுங்க. நீ ஒரு வார்த்த சொல்லிரு, நான் வரலன்னு."

"அப்ப யாரு வந்தாங்கன்னு கேப்பாங்களேண்ணே."

"யாரும் வரலன்னு சொல்லு. அதுல என்ன இருக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். அதில் என்ன இருக்கிறது என்று அகிலாண்டத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் கருவை நிழலில் வட்டம் கூடியது. தூக்குவாளிகள் திறந்தன. ஒருத்தி தயாராக உட்கார்ந்துகொண்டு, "நேத்து எங்க விட்டக்கா? ஓட்டல்ல மெத்தையப் பாத்து அவரு..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"தொரராசு அண்ணன் வரல" என்றாள் அகிலாண்டம்.

"சரி, 'அவரு' வந்தாரு. மேல சொல்லு."

"அவரும் வரல. யாரும் வரல. நான் இவ்வளவு நாளாச் சொன்னதெல்லாம் பொய்யி. நான் ஒத்தையிலதான் போனேன், ஒத்தையிலதான் வந்தேன்."

ஒருத்தி தொடையில் தட்டிச் சிரித்தாள். "ஊர் வாய்க்குப் பயந்துட்டியாக்கா?"

"ரெண்டு பேருக்குள்ள சண்டையா? அதுக்குள்ளயா?"

"சத்தியமா யாரும் வரலடி."

"சரிக்கா, நாங்க நம்பிட்டோம்" என்று கண்ணடித்தாள் இன்னொருத்தி. "நீ சொல்ல வேணாம், நாங்க கேக்கல." கதை கிடைக்காது என்று தெரிந்ததும் பேச்சு உளுந்து விலைக்குப் போனது, அங்கிருந்து யாரோ ஒரு மருமகளுக்குப் போனது. குழம்பு ஊற்றுகிற கரண்டி அவள் தட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டது. அகிலாண்டம் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை பிடித்தார்கள். வெயில் உச்சியில் நின்றது. ராமாயி பக்கத்து வரிசையில் குனிந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். நாலைந்து குத்துச் செடி பிடுங்கிவிட்டுக் கேட்டாள்.

"நெசமா ஒத்தையிலயா போன?"

"ஆமா."

"மூணு நாளும்?"

"மூணு நாளும்தான்."

ராமாயி பிடுங்கின செடியை மண் உதறாமலே போட்டாள். அவள் மட்டும் நம்பிவிட்டாள் என்பது அகிலாண்டத்துக்கு நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது. மற்றவர்கள் நம்பாததைவிட அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"கடலு எப்படி இருந்துச்சுக்கா?" என்றாள் ராமாயி. கதை கேட்கிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அகிலாண்டம் சொல்ல ஆரம்பித்தாள். "தண்ணி கண்ணாடி மாதிரிடி. முழங்கால் ஆழத்துல நின்னா கால் வெரல் தெரியும்..." அதற்குமேல் ஓடவில்லை. நிறம் என்ன? பச்சையா, நீலமா? அலை சத்தம் போட்டதா? மீன்களைப் பார்த்தாள்தான், எந்த நிறத்தில் இருந்தன? மூன்று நாளும் அவள் கண்ணில் பட்டதெல்லாம் பக்கத்து மேசை ஜோடி, எதிர் நாற்காலி, ஆள் எண்ணுகிற பேனா. வட்டத்தில் உட்கார்ந்து சொன்ன கடல் முழுக்க இங்கே அடுப்படியில் கட்டினது.

"நான் சரியாப் பாக்கலடி" என்றாள்.

ராமாயி தன் வரிசையைப் பிடுங்கி முடித்துவிட்டு, மீதி இருந்த அகிலாண்டத்தின் வரிசையில் எதிர்முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள்.